கடைமடையில் நம்பிக்கை

ஒரு கால்பந்துக் குழுவின் மேனேஜர் விலகிப் போவதில் தார்மீகப் பிரச்னை எதுவும் இல்லை என்று நண்பர் ஒருவர் வாதித்தார். சம்பளத்துக்கு வந்தவர் போகிறார், அடுத்தவர் வருவார், நாலு ஆட்டம் ஜெயித்தால் எல்லாம் சரியாகிவிடும். இதற்குமேல் நம்பிக்கை, துரோகம் என்றெல்லாம் பேசுவது பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கத்து மிகையுணர்ச்சி என்பது அவர் கட்சி. அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் காரணம். மற்றப் பாதியைப் பற்றி யோசித்துக்கொண்டு போனதில், தஞ்சாவூர் ஜில்லாக்காரன் என்ற முறையில் கால்பந்தைவிட எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தில் வந்து நின்றேன். ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நமக்குப் பக்கத்து உதாரணம். சென்னையின் எஃப்.சி. குழு 2014-ல் தொடங்கப்பட்டது. 2015-ல் மார்கோ மத்தராஸியின் கீழ் இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. அவருக்கு அடுத்து வந்த இங்கிலாந்துக்காரர் ஜான் கிரெகரி, 2018 மார்ச்சில் பெங்களூரிலேயே பெங்களூர்க் குழுவை 3-2 என்று தோற்கடித்து இரண்டாவது கோப்பையைக் கொண்டுவந்தார். மறு ஸீஸனில் அதே கிரெகரியின் கீழ் குழு பட்டியலின் கடைசியில் கிடந்தது: 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள். நிர்வாகம் அவரை விட்டுவிடவில்லை. 2019 அக்டோபரில் அடுத்த ஸீஸன் தொடங்கியது. 6 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி. நவம்பர் முடிவில் கிரெகரி விலகினார். டிசம்பர் முதல் வாரத்தில் ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் காயில் அந்த இடத்துக்கு வந்தார். 2020 மார்ச் 14-ந் தேதி, தொற்றுநோய்ப் பயத்தில் பார்வையாளர்களே இல்லாத மட்காவ் மைதானத்தில், இந்தக் குழு இறுதி ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. கல்கத்தாக் குழுவிடம் 3-1 என்று தோற்றது. ஆனால் தோற்றதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

இந்தக் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். பழையவர் போனார், புதியவர் வந்தார், ஜெயித்தார்கள், நம்பிக்கை திரும்பியது. என் நண்பரின் கட்சிக்கு இது நல்ல சாட்சிபோல் தெரியும். ஆனால் ஆட்டங்களைத் தேதிவாரியாகப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. காயில் வந்தபின் முதல் ஆட்டம் டிரா. அடுத்தது வெற்றி. அதற்கடுத்து கோவாவிடம் 4-3 என்று தோல்வி, 2020 ஜனவரி 6-ல் ஒடிசாவிடம் 2-0 என்று மறுபடி தோல்வி. பத்து ஆட்டம் முடிந்தபோது மொத்தம் 9 புள்ளிகள். முந்தின ஆண்டு முழு ஸீஸனிலும் கிடைத்த அதே 9. அதன்பிறகு வந்த எட்டு லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அந்த எட்டில் மட்டும் 20 புள்ளிகள் சேர்த்து நான்காவது இடத்தைப் பிடித்தார்கள்.

வெற்றி நம்பிக்கையைக் கொண்டுவந்தது என்றால், அந்த முதல் ஐந்து வாரங்களில் குழுவைச் சிதறவிடாமல் வைத்திருந்தது எது? ஒரே ஒரு வெற்றிதான் வந்திருந்தது. புதிய மேனேஜரை நம்பலாம் என்பதற்கு ஆதாரமாகக் காட்ட அதைவிட்டால் எதுவும் இல்லை. நம்பக்கூடாது என்பதற்கு இரண்டு தோல்விகள் இருந்தன. ஆதாரம் கிடைத்தபின் வருவதை நம்பிக்கை என்று சொல்வதே தப்பு. அது கணக்கு. ஆதாரம் வருவதற்கு முன்பு, ஆதாரம் வரும்படிச் செய்யக்கூடிய ஏதோ ஒன்று இருக்க வேண்டும். அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று வெளியாளான நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐந்து வாரங்கள் எப்படிப்பட்டவை என்பது எனக்குத் தெரியும். நான் ஒருமுறை அவற்றுக்குள் இருந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் வெண்ணாற்றுப் பாசனத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. கோடையில் உளுந்து பிடுங்கி முடிந்து, குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை ஊர்த் திடலில் கால்பந்து ஆடுவோம். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் வெளியூர்க்காரரான ஓர் ஆசிரியர். நன்றாகச் சொல்லிக்கொடுப்பார். பக்கத்து ஊர்க் குழுவோடு நடக்கவிருந்த ஒரு பந்தயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அவர் மாற்றலாகிப் போய்விட்டார். முதலில் வருத்தப்பட்டோம், அவ்வளவுதான். உத்தியோகம் பார்ப்பவருக்கு மாற்றல் வருவது சகஜம். ஆனால் மாற்றல் உத்தரவு மூன்று வாரம் முன்பே அவர் கைக்கு வந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. அந்த மூன்று வாரமும் தினம் சாயங்காலம் வந்திருக்கிறார், பந்தயத்தன்று யார் எங்கே நிற்பது என்று எங்களோடு விவாதித்திருக்கிறார். உறுத்தியது அதுதான். போனதற்காக அவர்மேல் யாருக்கும் கோபம் இல்லை. தான் இருக்கப்போவதில்லை என்று தெரிந்தும், தான் இருப்பதாக வைத்து நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார் அல்லவா, அதை எங்களால் ஜீரணிக்க முடியவில்லை.

அனெட் பேயர் என்ற தத்துவ ஆசிரியை 1986-ல் எழுதிய ஒரு கட்டுரையில் நம்புவதையும் சார்ந்திருப்பதையும் பிரித்துக் காட்டுகிறார். தத்துவஞானி கான்ட் தினம் ஒரே நேரத்தில் உலாவப் போவாராம். அண்டை வீட்டார் அதைப் பார்த்துக் கடிகாரம்போல் பயன்படுத்திக்கொண்டார்களாம். ஒருநாள் கான்ட் வராவிட்டால் அவர்களுக்கு ஏமாற்றம் இருக்கும், ஆனால் கான்ட் தங்களுக்குத் துரோகம் செய்துவிட்டார் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. ஏனென்றால் அவர் அவர்களுக்காக உலாவவில்லை. எதிராளிக்கு நம்மேல் அக்கறை இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, நமக்குத் தீங்கு செய்யக்கூடிய இடத்தில் அவரை விட்டுவைப்பதுதான் நம்பிக்கை.

என் நண்பர் மேனேஜரைக் கான்டின் உலாவாகப் பார்க்கிறார். வந்தால் சரி, வராவிட்டால் வேறு கடிகாரம். ஆட்டக்காரனின் நிலைமை அப்படியில்லை. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன், தான் பழகின இடத்தை விட்டு மேனேஜர் சொன்ன வேறு இடத்தில் ஆடக் கற்றுக்கொள்கிறான். அதற்காக ஒரு ஸீஸனைச் செலவழிக்கிறான். அவன் வாழ்க்கையில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு ஸீஸன்தான். இன்னொருவரின் அறிவைத் தன் அறிவின் இடத்தில் வைத்துக் காரியம் செய்கிறான். மேனேஜருக்குத் தெரிந்ததை நம்பித்தான் அவன் விதைக்கிறான்.

விதைக்கிறான் என்று எழுதினதும் காவிரிப் பக்கம் திரும்பாமல் இருக்க முடியவில்லை. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. குறுவைக்காக ஜூன் 12-ல் அதைத் திறப்பது வழக்கம். டெல்டாவில் அந்தத் தேதி ஓர் ஆள் மாதிரி. அதை வைத்துத்தான் நாற்றங்கால், அதை வைத்துத்தான் கடன், அதை வைத்துத்தான் அறுவடைக்குப் பின் நடக்கவேண்டிய கல்யாணம்கூட. 2012-லிருந்து 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ச்சியாக அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. ஆழ்குழாய் இருந்தவர்கள் குறுவை போட்டார்கள். ஆற்றை மட்டும் நம்பியவர்கள் அந்தப் போகத்தையே மறந்துவிட்டுச் சம்பாவோடு நின்றுகொண்டார்கள். 2020-ல் ஜூன் 12 திரும்பி வந்தது. 2021-லும் வந்தது. 2022-ல் மே 24-ந் தேதியே திறந்தார்கள்.

2023 வந்தது. ஜூன் 12-ல் அணை திறந்தது. திறந்த அன்று அணையில் தண்ணீர் நன்றாகவே இருந்தது. பருவமழை பொய்த்து, மேலே கர்நாடகத்திலிருந்து வரவேண்டியது வரவில்லை. உச்ச நீதிமன்றம் 2018-ல் தமிழ்நாட்டுக்கு என்று வரையறுத்த 177.25 டி.எம்.சி. காகிதத்தில் இருந்தது. கடைமடையில் குறுவை கருகியது. அக்டோபரில் அணையை மூடினார்கள். தேதி காப்பாற்றப்பட்டது, பயிர் காப்பாற்றப்படவில்லை. மறு ஆண்டு, 2024-ல், அணையில் நீர் இல்லை, ஜூன் 12-ல் திறப்பதற்கில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஜூலையில் காவிரியில் வெள்ளம் வந்து, 28-ந் தேதி திறந்தார்கள். ஆற்றை நம்பிய குறுவைக்கு அது காலம் கடந்த தண்ணீர்.

இந்த இரண்டு ஆண்டுகளில் எது நம்பிக்கையைக் குலைத்தது, எது காத்தது? வாக்கு மீறப்பட்டது 2024-ல். வாக்கு காப்பாற்றப்பட்டது 2023-ல். ஆனால் விதைக்கும் செலவையும் செய்து பயிரையும் பறிகொடுத்தவன் 2023-க்காரன். 2024-க்காரன் ஒரு போகத்தை இழந்தான், கையிலிருந்த விதைநெல்லை இழக்கவில்லை. சொன்னபடி செய்தால் நம்பிக்கை நிலைக்கும் என்ற எளிய சூத்திரம் இங்கே உதவவில்லை. 2023-ல் யாரும் பொய் சொன்னதாகவும் சொல்ல முடியாது. மேலே இருப்பவர் வாக்கைத் தன் வாக்காக மாற்றிக் கீழே இருப்பவருக்குக் கொடுக்க வேண்டிய நிலை. மேனேஜரும் அதே இடத்தில்தான் நிற்கிறார். முதலாளியின் பணத்தை நம்பி அவர் ஆட்டக்காரனுக்கு வாக்குக் கொடுக்கிறார். தன் கையில் இல்லாததை வாக்காகக் கொடுப்பவர்களால்தான் உலகத்தில் பெரும்பாலான காரியங்கள் நடக்கின்றன. அதைக் குற்றம் என்று சொல்லிப் பயனில்லை. ஆனால் அப்படிக் கொடுப்பவருக்கு ஒரு கடமை கூடுகிறது: தன் கையில் எவ்வளவு இருக்கிறது, மேலிருந்து எவ்வளவு வரவேண்டும் என்பதை, கீழே இருப்பவன் விதைக்கும் முன்பே அவனுக்குத் தெரியப்படுத்துவது. நம்பிக்கை கெடுவது வாக்கு பொய்க்கும்போது அல்ல, பொய்க்கப்போவது தெரிந்தபிறகும் மற்றவனை விதைக்க விடும்போது என்று எனக்குப் படுகிறது.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு. எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஸீஸன் நடுவில் ஒரு மேனேஜர், 'நான் மார்ச்சில் போகிறேன்' என்று அறிவித்தால் டிசம்பரிலேயே குழு கலைந்துவிடும். தண்ணீர் இல்லை என்று ஜூனில் சொல்லிவிட்டு ஜூலையில் வெள்ளம் வந்தால், போட்டிருக்கக்கூடிய குறுவையைக் கெடுத்தவர் ஆகிறோம். உண்மைதான். முன்கூட்டிச் சொல்வதற்கும் விலை உண்டு. ஆனால் அந்த விலையை யார் கொடுப்பது என்பதுதான் கேள்வி. சொல்லாமல் இருந்தால் முழுவதையும் கீழே இருப்பவன் கொடுக்கிறான். கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுக்கிறான். சொன்னால், அவனும் அவனுக்குத் தெரிந்தே கொடுக்கிறான், சொன்னவரும் தன் பங்குக்கு ஏச்சுக் கேட்கிறார். இரண்டாவதில் குறைந்தபட்சம் இருவரும் ஒரே காரியத்தில் இருக்கிறார்கள்.

இழந்த நம்பிக்கையை மீட்பது எப்படி என்ற கேள்விக்கு இங்கிருந்து ஒரு பதில் கிடைக்கிறது. ஒனோரா ஓநீல் 2002-ல் பி.பி.சி.யில் நிகழ்த்திய ரீத் உரைகளில் நம்பிக்கை என்ற விஷயத்தை எடுத்துக்கொண்டார். மற்றவர் நம்பிக்கையை நாம் கட்ட முடியாது, அது அவர்கள் தருவது. நாம் செய்யக்கூடியது நம்பத்தகுந்தவர்களாக இருப்பதும், அதை அவர்கள் சோதித்துப் பார்க்க வழி வைப்பதும்தான் என்பது அவர் தொடர்ந்து வலியுறுத்திவரும் கருத்து. இது சரி. ஆனால் எங்கே நின்று சோதித்துப் பார்ப்பது என்று நான் சேர்த்துக் கேட்பேன். தலைமடையில் நின்று பார்த்தால் தண்ணீர் எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கல்லணையில் மலர் தூவும் அன்று அமைச்சர் பார்க்கும் காவிரி வேறு, வேதாரண்யத்துப் பக்கம் வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்திருப்பவன் பார்க்கும் காவிரி வேறு. ஒரு குழுவில் தலைமடை என்பது வழக்கமாக ஆடும் பதினோரு பேர். அவர்கள் புதிய மேனேஜரைச் சீக்கிரம் நம்பிவிடுவார்கள். அவர்களுக்கு அவர் இடம் கொடுத்திருக்கிறார். கடைமடை என்பது பெஞ்சில் இருப்பவன், பழைய மேனேஜர் கொண்டுவந்து புதியவருக்கு வேண்டாதவனாகப் போனவன், டிக்கெட் வாங்கி நிற்கும் ரசிகன், உடுப்பு துவைப்பவர். நம்பிக்கை திரும்பிவிட்டதா என்று இவர்களைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் ஊரில் ஆசிரியருக்குப் பிறகு பொறுப்பெடுத்தவர் கூட்டுறவு பாங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். இளமையில் கொஞ்சம் ஆடியிருக்கிறார், அவ்வளவுதான். ஆட்டத்தின் நுட்பங்கள் முந்தையவருக்குத் தெரிந்ததில் கால்பங்கு தெரியாது. ஆனால் பந்தயத்துக்கு முதல்நாள் சாயங்காலம் பெயர்களை வாசிப்பதற்கு முன்னால், பட்டியலில் இல்லாதவனைத் தனியே கூப்பிடுவார். "தம்பி, நாளைக்கு நீ இல்லை" என்று சொல்லிக் காரணத்தையும் சொல்வார். காரணம் சில சமயம் தப்பாக இருக்கும். சண்டை போட்டிருக்கிறோம். "இருக்கலாம்பா, எனக்கு இப்படித்தான் தோணுது" என்பார். பெரும்பாலும் அப்படித் தனியே கூப்பிடப்பட்டவன் நான். ஆகையால் இதில் என் சாட்சிக்கு மதிப்பு உண்டு. அந்தக் கோடையில் நாங்கள் தோற்றுக்கொண்டேதான் இருந்தோம். ஆனால் ஆட்டத்தில் இல்லாதவர்களும் திடலுக்கு வந்துகொண்டிருந்தார்கள். எதற்கு வருகிறோம் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. இங்கே நமக்குத் தெரியாமல் நம் விஷயத்தில் ஒன்றும் முடிவாகாது என்பது தெரிந்திருந்தது, அதற்குத்தான் என்று இப்போது சொல்வேன்.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமில்லை. நம்புகிறவனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தண்ணீர் கண்ணில் பட்டபிறகுதான் நாற்று விடுவேன் என்பவனுக்குக் குறுவை கிடையாது. 2020-ல், எட்டு ஆண்டு ஏமாந்தபிறகு, அறிவிப்பை மட்டும் கேட்டு வயலைத் தயார் செய்தவர்களை வெகுளிகள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு எட்டு ஆண்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. ஞாபகத்தோடுதான் தயார் செய்தார்கள். ஒடிசாவிடம் தோற்றபின் நான்கே நாளில் ஹைதராபாத்தில் இறங்கி 3-1 என்று ஜெயித்தவர்களும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். யாராவது ஒருவர் ஆதாரமில்லாமல் முதலில் கொஞ்சம் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. நியாயப்படி அது மேலே இருப்பவராக இருக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலும் கீழே இருப்பவனாகவே இருக்கிறான் என்பது நம் சமூகத்தின் லட்சணம்.

நம்மைப் போன்றவர்கள் இதைப் படித்துவிட்டுத் தூரத்து விஷயமாக ஒதுக்க வேண்டியதில்லை. சிறுபத்திரிகை நடத்தியவர்கள் நம்மில் பலர். பத்திரிகை நின்றுபோவதை எந்தச் சந்தாதாரரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. நிற்கும் என்று தெரிந்தே சந்தா கட்டியவர்கள் அவர்கள். அடுத்த இதழ் வராது என்று தெரிந்தபிறகும் 'அடுத்த இதழில் தொடரும்' என்று அச்சடித்தோமா என்பதை மட்டும் நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

காயிலின் கதைக்கு ஒரு பிற்சேர்க்கை உண்டு. 2020 ஆகஸ்டில் அவர் சென்னையை விட்டு ஜாம்ஷெட்பூர்க் குழுவுக்குப் போனார். அந்த ஸீஸனில் 15 கோல் அடித்த நெரியஸ் வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். சென்னைக் குழு அடுத்தடுத்து மேனேஜர்களை மாற்றியது. 2023-ல் காயில் திரும்பி வந்தார். அந்த ஸீஸனில் குழு பிளே ஆஃப் சுற்றுவரை போயிற்று, அடுத்ததில் மறுபடி கீழே இறங்கியது. 2025-ல் அவர் இரண்டாவது தடவையாகப் பிரிந்தார். இதைக் காட்டி என் நண்பர், 'பார்த்தீரா, வருவதும் போவதும்தான்' என்பார். நான் இதையே வேறு மாதிரி பார்க்கிறேன். ஒருமுறை விட்டுப்போனவரை மறுபடி அழைக்க முடிந்தது என்றால், போவது என்ற செயல் மட்டும் நம்பிக்கையை அழிப்பதில்லை என்றுதானே அர்த்தம்? ஆனால் இரண்டாவது தடவை வந்தவரை முதல் தடவைபோல் யாரும் நம்பியிருக்க முடியாது. இவர் போகக்கூடியவர் என்று தெரிந்தே நம்பியிருப்பார்கள்.

அதை நான் குறைவாக நினைக்கவில்லை. எங்கள் பக்கம் ஆற்றில் வெள்ளம் வந்து கரை உடைத்துக்கொண்டால், மூங்கிலும் மணல் மூட்டையும் வைக்கோலும் போட்டு ஊரே கூடி அடைப்பார்கள். அடைத்த இடம் பிறகு புல் மூடி மற்றக் கரை மாதிரியே ஆகிவிடும். அந்நியருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அடுத்த ஐப்பசியில் ஆற்றில் நீர் ஏறும்போது ஊர்க்காரன் லாந்தரை எடுத்துக்கொண்டு முதலில் போய்ப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். உடைப்பு எடுக்காத கரையை அவன் நம்பினான் என்றுகூடச் சொல்ல முடியாது. அதைப் பற்றி அவன் நினைத்ததே இல்லை. இப்போதுதான் நம்புகிறான். போய்ப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறான்.